எழுபதாவது கதவு

அதற்குப் பதில் அவருக்குத் தெரியாதே, இப்போது என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று அனுசுயா நிமிர்ந்து உட்கார்ந்தாள், கேட்டவர் காரைக்குடி சோமு சார், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், செயலியில் வாராவாரம் வரும் தொடர்கதையின் எழுபது கதவுகளையும் பெரிய தாளில் வரைபடமாகப் போட்டுச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார், முற்றத்தைச் சுற்றிய வளவின் நடுவே, வாசகர்கள் கூடியிருக்கிற ஜமுக்காளத்தில் அதை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கு ஒரு டம்ளரை வைத்துவிட்டு, "முப்பத்தெட்டாவது கதவு பனி நாட்டுக்குத் தொறக்குது, நாப்பதாவது பாம்பு நாட்டுக்கு, நடுவுல ஒண்ணைக் காணோமே சார், எங்க போச்சு?" என்கிறார். எங்கேயும் போகவில்லை, அவள் எழுத மறந்துவிட்டாள், அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல், அதைப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற வேல்பாண்டியிடம் கேட்டால், அவள் கணவரிடம் கேட்டால்... ஆனால் அவர் தடுமாறவில்லை, கால்மேல் கால் போட்டபடியே சிரித்தார். "எல்லாக் கதவையும் நானே தொறந்து காட்டிட்டா அப்புறம் நீங்க எதுக்கு சார் அடுத்த வாரம் வருவீக?" வளவு முழுக்கச் சிரிப்பு, கைத்தட்டல், சோமு சாரும் தலையை ஆட்டி ரசித்தார். இந்தப் பேச்சை எங்கே கற்றுக்கொண்டார்? வீட்டில் ஒரு நாளில் இத்தனை வார்த்தை பேசினதில்லையே, குழம்பில் உப்பு குறைந்தால்கூடத் தட்டை லேசாக நகர்த்துவார், அவ்வளவுதான், அதைப் பார்த்து அவளாகப் புரிந்துகொண்டு உப்பு ஜாடியை எடுத்துவர வேண்டும்.

யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, அதை அவள் தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறாள், கதை போடுகிற செயலியில் கணக்குத் தொடங்கியபோது அவருடைய போன் நம்பரைக் கொடுத்தாள், அவருடைய பெயர் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது, யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். முதல் கமெண்ட் வந்த அன்று, "வேல்பாண்டி சார், முகிலியை அழவிடாதீங்க" என்று யாரோ எழுதியிருந்ததை இரண்டு பேருமாகப் படித்துச் சிரித்தார்கள், ஆமாம், அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள், அது நிஜம். பிறகு அவர் வேலை பார்க்கும் மின்வாரிய அலுவலகத்தில் அவருக்குக் கேக் வெட்டினார்கள், உள்ளூர் மாத இதழில் போட்டோ வந்தது, சொல்லிவிடலாமா என்று அவள் கேட்டபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இப்பப் போயிச் சொன்னா என்னைய என்னன்னு நெனைப்பாக?" என்றார். அந்தக் கேள்வியில் அவளைப் பற்றி ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் கதையில் முகிலி மாறிப்போனாள்... கதவுகளைத் திறக்கும் மந்திரம் முகிலிக்குத்தான் தெரியும், அவள் கீழே இருட்டில் நின்று ஒவ்வொன்றாகத் திறப்பாள், கோட்டை உச்சியில் நின்று மாலையை வாங்கிக்கொள்பவன் அவள் கணவன் வயவன், இப்படி எழுத வேண்டும் என்று அனுசுயா நினைக்கவே இல்லை, வாயில் அப்படி வந்தது, வந்த பிறகு அழிக்கவும் கை வரவில்லை.

இந்த வீட்டை வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே வைத்திருப்பார்களாம், நாகம்மை ஆச்சியின் தம்பி மகளுக்குக் கல்யாணம் என்று திறந்தார்கள், முகப்பில் கட்டிய வாழைமரம் வாடித் தலை தொங்கிவிட்டது, பூட்டுவதற்குள் நம் வாசகர்கள் எல்லாரும் கண்டனூருக்கு வந்துவிட்டுப் போங்களேன் என்று ஆச்சிதான் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார், முகிலியின் கோட்டை எங்கள் வீடு மாதிரியே இருக்கிறது என்று வேறு. நிஜமாகவே ஒன்றன் பின் ஒன்றாகக் கதவுகள், முகப்பில் நின்று பார்த்தால் பின்கட்டு வாசல் வரைக்கும் தெரிகிறது, அத்தனை நிலைப்படிக்கும் அப்பால் ஒரு சின்னத் துண்டு வெயில். அனுசுயா தூணோரமாகப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள், எழுத்தாளரின் மனைவி என்று அவளுக்கு மட்டும் இனிப்பு மணகோலம் இரண்டு கூடுதலாக வைத்திருந்தார்கள்.

"அதை விடுங்க தம்பி," என்றார் நாகம்மை ஆச்சி, "அந்தப் பிள்ளை முகிலிய எம்புட்டு நாளைக்குக் கதவுகிட்டயே நிப்பாட்டி வைக்கப் போறீக? கால் வலிக்காதா அவளுக்கு? போகவிடுங்க." சோமு சார் உடனே நிமிர்ந்தார், "எங்க ஆச்சி போறது? அவ போனா கோட்டை விழுந்துரும். வயவன் நல்லவன்தானே, ஒரு நாள் கை நீட்டியிருக்கானா, வஞ்சிருக்கானா?" "அடிச்சாத்தான் போகணுமா சோமு? நல்லாருக்கே ஒங்க சட்டம். ஒங்க வீட்டம்மாகிட்ட இதைச் சொல்லிப் பாத்தீகளா?" மறுபடியும் சிரிப்பு, அனுசுயாவும் சிரித்தாள், சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள், தட்டிலிருந்த மணகோலத்தை ஒவ்வொன்றாக நொறுக்கிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து அக்கா போன வாரம் கூப்பிட்டிருந்தாள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை இருக்கிறது, என்னோடு வந்து இரேன் என்று, பாக்குறேன்க்கா என்றாள் அவள், பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம், மாட்டேன் என்று ஏன் உடனே சொல்லவில்லை... கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்திருந்த கல்லூரிப் பெண் சந்திரலேகா கையைத் தூக்கினாள். "நீங்களே சொல்லிருங்க சார். போவாளா, மாட்டாளா?"

இதற்கும் சிரித்து மழுப்புவார் என்றுதான் அனுசுயா நினைத்தாள், முடிவைச் சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும் என்பார், அடுத்த வாரம் என்பார். வேல்பாண்டி காலைக் கீழே இறக்கினார், கையிலிருந்த காபி டம்ளரைப் பார்த்தார், அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "போக நெனைப்பா," என்றார், குரல் வேறு மாதிரி இருந்தது, வீட்டுக் குரல். "எழுபதாவது கதவு வரைக்கும் போவா. அங்க வயவனோட செருப்பு கெடக்கும். அதைக் குனிஞ்சு எடுத்து, வாசலப் பாக்கத் திருப்பி வைப்பா. பின்னாடியே வான்னு வச்சாளா, ஒன் வழியப் பாத்துக்கன்னு வச்சாளா, அது அவளுக்கே தெரியாது." ஒரு மூச்சு விட்டார். "ஆனா தாண்டமாட்டா." ஏன் சார் என்று சந்திரலேகா கேட்டாள். "தாண்டமாட்டா," என்றார் மறுபடியும்.

கைத்தட்டல் தூரத்தில் எங்கோ கேட்டது. செருப்பு... செருப்பை அவள் எழுதவே இல்லையே. எந்த அத்தியாயத்திலும் இல்லை, போனிலும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளத்தூர் வீட்டு அடுப்படியில், போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டு, பேசினால் தானே எழுதிக்கொள்கிறதே அதில் சொன்னாள், எப்போதும் அப்படித்தான், கைக்கு நறுக்குகிற வேலை, வாய்க்குக் கதை, முகிலி குனிந்து வயவனின் செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள், பின்னால் வரச் சொல்லியா, உன் வழியைப் பார்த்துக்கொள் என்றா, அது அவளுக்கே தெரியாது, என்று சொன்னாள், அடுத்து, தாண்டி, என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னபோது குக்கர் கூவியது, என்னவோ பயம் வந்தது, எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கூடத்தில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், செய்தி... இல்லை, அன்றைக்குச் செய்திச் சத்தம் கேட்கவில்லை, யோசித்துப் பார்த்தால் அவள் போனில் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் டிவி சத்தம் குறைந்துவிடும், தூங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொள்வாள், காலை எட்டு மணிக்கு யார் தூங்குவார்கள், அதை ஏன் ஒரு நாளும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை? எத்தனை நாளாக? முதலிலிருந்தேயா? அப்படியென்றால் முகிலி இருட்டில் நின்றதும், வயவன் மாலை வாங்கிக்கொண்டதும், எல்லாமும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அக்காவின் போன்? அதையும் அதே அடுப்படியில் நின்றுதான் பேசினாள்.

கோபம்தான் முதலில் வந்தது, இத்தனையும் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா, தட்டை நகர்த்துகிற மாதிரி எதையாவது நகர்த்தியாவது காட்டியிருக்கலாமே, என்றெல்லாம். ஆனால் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது, ஏனென்றால் கடைசியில் வந்த அந்தத் தாண்டியைத் தவிர அவர் ஒரு சொல் பிசகாமல் சொன்னார், பேச்சுத் தமிழாக்கிச் சொன்னார், அவளுக்கே தெரியாது என்கிற இடத்தில் அவள் விட்ட மூச்சைக்கூட விட்டு... அவள் வாக்கியத்தை இப்படி மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் வேறு யார்? இது திருட்டா? அல்லது இவ்வளவு பேருக்கு நடுவில், எழுத்தாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, போகாதே என்று அவளிடம் கேட்டாரா? தனியாகக் கேட்க வாய் வராமல் இங்கே வந்து கேட்டாரா? கேட்டாரா, உத்தரவு போட்டாரா? தாண்டமாட்டாள் என்றுதானே சொன்னார், தாண்டாதே என்று சொல்லவில்லையே.

ஆச்சி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார், போட்டோவுக்கு அவளையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "வாங்க ஆத்தா, எழுதுறவுக பொண்டாட்டி பாடு எனக்குத் தெரியாதா, காபி போட்டே கை தேஞ்சிருக்கும். இவுக எழுதுறதப் படிப்பீகளா?" பொன்னாடையின் ஜரிகை அனுசுயாவின் தோளில் உரசிக் குத்தியது. "படிக்கிறதில்ல ஆச்சி," என்றாள், தன் குரல் இத்தனை நிதானமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம், "அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவுல ஒரு சுவருதான். சத்தம் குறைச்சு வச்சா எல்லாம் காதுல விழும்." ஆச்சி சிரித்தார். வேல்பாண்டி சிரிக்கவில்லை. போட்டோ எடுத்தவர் இங்குட்டுப் பாருங்க சார், இங்குட்டு, என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

போட்டோ முடிந்ததும் அவர் வண்டியை எடுக்கிறேன் என்று முன்னால் போய்விட்டார். ஆச்சி கொடுத்த பலகாரப் பையை வாங்கிக்கொண்டு அவள் முகப்புக்கு நடந்தபோது சந்திரலேகா ஓடி வந்தாள். "அக்கா, சார் சொன்னது ஒங்களுக்குச் சரின்னு படுதா? தாண்டமாட்டான்னு?" அனுசுயா பையின் பிடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "நீ என்ன நெனைக்கிற?" "தாண்டணும்க்கா. ஆனா..." அந்தப் பெண் உதட்டைக் கடித்தாள், "தாண்டுனா எங்க போவா? விட்டுப்போன ஒண்ணைத் தவிர மத்த கதவுக்கெல்லாம் ஊரு பேரு இருக்கு. அந்தக் கதவு எங்க தொறக்கும்னு சார் சொல்லவே இல்லையே." சொல்லவில்லை, ஆமாம், அவருக்கு எப்படித் தெரியும், சுவருக்கு இந்தப் பக்கம் அதைப் பற்றி யாரும் பேசியதில்லையே. "அதை நானும் கேக்கணும்மா," என்றாள் அனுசுயா.

முகப்புப் படியில் செருப்புகள் குவிந்து கிடந்தன, வந்தவர்கள் வீட்டைப் பார்க்கக் கழற்றிவிட்டபடியே, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சோமு சாருடையது ஒன்று குப்புற. அவருடைய செருப்பைக் காணோம், போட்டுக்கொண்டு போய்விட்டார். அவளுடையது மட்டும் தனியாக, ஜோடியாக, தெருவைப் பார்த்து இருந்தது. அவள் அப்படி விடவில்லை. தெருமுனை வேப்பமரத்தடியில் வண்டியைக் கிளப்பி வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார், முதுகு தெரிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. ஏறிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று திருப்பி வைத்தாரா? இல்லை... ஒரு காலை நுழைத்தாள், வெயிலில் கிடந்ததால் சுட்டது. வண்டி நின்ற பக்கம் ஒரு தெரு, பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு தெரு, வண்டிக்கு அப்பால் பார்த்தால் இரண்டிலும் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. சோமு சாரின் வரைபடம் நினைவுக்கு வந்தது, எழுபதாவது கதவை நீல மையால் அழகாக வரைந்து, அதற்கப்பால் உள்ள இடத்தை வெறும் தாளாக விட்டிருந்தார், ஆசிரியர் எழுதினால் பிறகு வரைந்துகொள்ளலாம் என்று விட்டிருப்பார் போல, அவளுக்கு இப்போது அந்த வெற்றிடம் ஒரு குறையாகவே படவில்லை.