பிரித்த தையல்

குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. ஷகீலா அண்டாவில் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தபோது கணவன் அப்துல் சமத் அடுப்படி வாசலில் வந்து நின்றான். விடியற்காலையில் அக்காவின் உயிர் போனதிலிருந்து அவன் உட்காரவே இல்லை.

"அக்காவோட கஃபன் துணிய எடுத்துக் குடு. குளிப்பாட்ட வந்த சகினாம்மா கேக்குறாங்க."

"எந்தத் துணி?"

"உம்ராவுக்கு மக்கா போனப்ப ஜம்ஜம் தண்ணில நனைச்சு, அங்கயே காய வெச்சு எடுத்தாந்துச்சே. செத்தா எனக்கு இதைத்தான் போத்தணும்னு சொல்லிக்கினே இருக்கும். பீரோல ரெண்டாவது தட்டுல, மஞ்சப் பைல கீதாம்."

ஷகீலாவின் கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது. அந்த மஞ்சள் பை பீரோவில் இல்லை. கமர் ஜஹானின் அறைக் கதவுப் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே மாத்திரை அட்டைகளோடு.

கமர் ஜஹான் சமத்துக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல், பாண்டி பஜாரில் தம்பியின் பை கடைக் கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களை அதட்டியே காலத்தை ஓட்டியவள். புற்றுநோய்க்கு ஊசி போட ஆரம்பித்ததும், ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது, ஒரு சின்னக் கிருமிகூடத் தொற்றக் கூடாது என்றார் டாக்டர். ஷகீலா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நீராவி அடிக்கும் ஸ்டீமர் ஒன்றை வரவழைத்தாள். போர்வை, தலையணை உறை, நைட்டி, ஜன்னல் திரை எல்லாம் கொதிநீரில் முங்கி, ஆவி பிடித்துத்தான் அந்த அறைக்குள் போகும். பார்க்க வந்தவர்களின் துப்பட்டாவைக்கூட விடமாட்டாள்.

"நம்ம வீட்ல இட்லிய விட துணிதான் ஜாஸ்தி வேகுது," என்பான் சமத்.

"என்னையும் அண்டால போட்டுடாதடி," என்று சிரிப்பாள் கமர் ஜஹான். "அடுத்த ஊசி முடியட்டும். பட்டினப்பாக்கத்துல சங்கரா மீன் வாங்கியாந்து, எனக்குப் புளி ஊத்தி ஆணம் வெச்சுக் குடுக்கணும். சொல்லிட்டேன்."

சுத்தம் செய்யும் வேகத்தில்தான் ஷகீலா ஒரு நாள் பீரோவையும் குடைந்தாள். பையில் நீள வெள்ளைத் துணி, மடிப்புகளில் பழுப்பேறி, பழைய அத்தர் வாசனையோடு இருந்தது. வீணாகக் கிடக்கிறதே என்று நினைத்தாள். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. கொதிக்க வைத்தாள். விரிப்புகளாக வெட்டினாள். நூல் பிரியாமல் இருக்க மிஷினில் ஓரம் அடித்தாள். ஆவி பிடித்து, சூடு ஆறுமுன் கட்டிலில் விரித்து நாத்தனாரைப் படுக்க வைத்தாள்.

கமர் ஜஹான் துணியைத் தடவிப் பார்த்தாள். "இது எங்க கெடைச்சுது?"

"உங்க பீரோலதான் அக்கா. இனிமே ஒரு கிருமி கிட்ட வராது."

கமர் ஜஹானின் விரல்கள் ஓரத் தையல் மேல் மெதுவாகப் போய்வந்தன. "நல்லா அடிச்சிருக்க," என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் மீனைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஊசி எப்போது என்றும் கேட்கவில்லை. மருந்தின் அலுப்பு என்று ஷகீலா நினைத்துக்கொண்டாள். இப்போதுதான் புரிந்தது. உயிரோடு இருக்கும்போதே கஃபனை விரித்துப் படுக்க வைத்துவிட்டார்கள் என்றல்லவா அவள் நினைத்திருப்பாள்?

"ஷகீலா, எடுக்கிறியா?"

"அத வெட்டிட்டேங்க," என்றாள். "பழைய துணின்னு நெனச்சு பெட்ஷீட்டா தெச்சுட்டேன். இத்தினி நாளா அதுலதான் படுத்துக்கினு இருந்தாங்க."

சமத் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீரிலிருந்து ஆவி பறக்க ஆரம்பித்திருந்தது. அவனே குனிந்து அடுப்பை அணைத்தான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். இனி யார் வந்து மறுக்கப் போகிறார்கள்?

"தெரியும்," என்றாள் ஷகீலா.

அவன் கூடத்துக்குப் போய், காத்திருந்த ஆண்களிடம், "கொஞ்சம் நேரம் ஆவும்," என்று சொன்னது மட்டும் கேட்டது.

ஆதம்பாக்கத்திலிருந்து மய்யத்தைக் குளிப்பாட்ட வந்திருந்த சகினாம்மா அலமாரியில் இருந்த விரிப்புகளைப் பிரித்துப் பார்த்தாள். "தொவைச்ச துணிதானே, ஆவும். கஃபன்ல தையல் மட்டும் இருக்கக் கூடாது. பிரிச்சுட்டுக் குடு. நாங்க குளிப்பாட்ட ஆரம்பிக்கிறோம்."

"புதுசே வாங்கிடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேணாம்," என்றாள் ஷகீலா. "இதத்தான் கேட்டாங்க."

அடுத்த அறையில் தரையில் உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரித்தாள். உறுதியாக இருக்கட்டும் என்று இரட்டைத் தையல் போட்டிருந்தாள். ஒவ்வொரு நூலும் பிடிவாதமாக வந்தது. சுவருக்கு அப்பால் தண்ணீர் ஊற்றும் சத்தமும், பெண்கள் தணிந்த குரலில் ஓதுவதும் கேட்டன. "அக்கா, எனக்குத் தெரியாது அக்கா," என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சொல்லவேண்டிய காலம் போய்விட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

நூல் முழுக்க வந்த பிறகும் ஊசித் துளைகள் ஓரம் நெடுகத் தெரிந்தன. ஆவி காட்டினால் பருத்தித் துணியில் துளை கூடிக்கொள்ளும். ஷகீலா ஸ்டீமரில் தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போட்டாள்.

"ஆச்சாம்மா?" என்று சகினாம்மா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"இதோ."

விளிம்பு நெடுக மெதுவாக ஆவியைக் காட்டிக்கொண்டே போனாள். மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சில துளைகள் மூடியிருந்தன. மற்றவற்றின் வழியே வெயில் புள்ளி புள்ளியாக வந்தது.

ஸ்டீமரை மறுபடியும் முதல் முனையிலிருந்து வைத்தாள்.