பூங்குழலியின் களி மிஷினுக்கு யார் பணம் போடுவார்கள்?

1

இந்தக் கதை பிறக்கக் காரணம், மைசூர் அக்ரஹாரத்து மெஸ் ஒன்றில் எனக்குப் பரிமாறிய கட்டி தட்டிய ராகிக் களி. பல்லில் மாவு ஒட்டியிருக்கும்போதே கதாநாயகி உதித்துவிட்டாள்: பூங்குழலி, தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்க்காரி, இங்கே மைசூரில் பட்டறை வைத்திருப்பவள், கட்டி தட்டாமல் களி கிண்டும் மிஷினைச் செய்தவள். எனக்கோ ஒரே குதூகலம். மிஷினுக்கு இரண்டு கை வைத்தேன். (மூன்றாகவும் வைத்திருக்கலாம். காசா பணமா, கதைதானே.)

2

சாமுண்டி மலைமேல் மேகம்— (மலை வேண்டாம். பட்டறைக்கே போவோம்.)

காசுதான் பிரச்சினை. மிஷின்களைச் செய்து விற்க இணையத்தில் கிரவுட்ஃபண்டிங் கேட்கிறாள்: முகம் தெரியாதவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் முன்பணம் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் இலக்கை எட்டாவிட்டால் போட்டதெல்லாம் திரும்பிப் போய்விடும். பட்டறையையும் மூட வேண்டியதுதான்.

வீடியோவில் மிஷின் ஜோராகக் கிண்டுகிறது. கீழே கேள்விகள்:

"டிசைன் உங்க ஹஸ்பெண்டா மேடம்?"

"கல்யாணமாயிட்டா பட்டறைய யாரு பாத்துப்பாங்க?"

"நஷ்டமானா?"

3

[ஆளை மாற்றிப் பார்க்கிறேன்.] கவின்ராஜ், ஹனூர்க்காரன். அதே மிஷின். வீடியோவில் அதை ஆன் பண்ணவே மறந்துவிட்டான்.

"பெங்களூருக்கு எப்ப வர்றீங்க ப்ரோ?"

"அடுத்து இட்லிக்கு ஒண்ணு பண்ணுங்க ப்ரோ."

இரண்டாம் வாரமே பணம் நிரம்பிவிட்டது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அவனை அனுப்பிவிட்டேன்.

4

பூங்குழலியைத் திரும்பக் கூட்டிவந்து, படுத்த படுக்கையாக ஒரு புருஷனையும் கொடுத்தேன். "கணவரின் மருந்துச் செலவுக்காகப் போராடும் இந்தச் சகோதரி…" என்று எழுதியதுதான் தாமதம், பணம் கொட்டியது.

அவள் என்னைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். "ஏனுங்க, இந்த மனுசன் யாருங்க?"

"உங்க வீட்டுக்காரர்."

"வேண்டாமுங்க. தருமம் போட்டவங்க, மிஷின் எப்ப வரும்னு கேக்க மாட்டாங்க. எனக்குக் கேக்கறவங்கதான் வேணுமுங்க."

வெட்கமாகப் போய்விட்டது. புருஷனை அடித்துவிட்டேன். (பேனாவால்.) வந்த பணமும் அவனோடு போயிற்று.

5

மாதக் கடைசி. கேள்வி கேட்டவர்களில் சிலர் பணமும் போட்டிருக்கிறார்கள்; இலக்குக்கு இன்னும் ஒரே ஓர் ஆள் குறைகிறது.

முடிவு (அ): ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் காரில் வந்து இறங்கி— [அவளே அடித்துவிட்டாள்.]

முடிவு (ஆ): பட்டறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள்— [இதை நான் அடித்துவிட்டேன்.]

மிச்சம் இருப்பது நீங்கள்தான். பணம் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். எப்படியும் முதலில் ஏதாவது கேட்பீர்கள், அதனால் கடைசி வரியை உங்களுக்கே விட்டிருக்கிறேன். நீங்கள் என்ன எழுதினாலும் நான் அடிக்கப்போவதில்லை. ஆனால் பூங்குழலி படிப்பாள்:

"…………………………?"