நீலச் சட்டை, வியாழன் பத்து மணி

1

இந்தக் கதை என் தங்கை வீட்டுப் போனிலிருந்து எடுத்தது. எழுத வேண்டாம் என்று தங்கை மாப்பிள்ளை மதன்குமார் சொன்னான். "பேரை மாத்திருறேன் மாப்ள" என்று வாக்குக் கொடுத்தேன். உட்கார்ந்து யோசித்ததில் அவனுக்கு வேறு எந்தப் பெயரும் பொருந்தவில்லை. [மாற்றவில்லை. அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பஞ்சு பறக்கும் நூல் மில்லின் வாசலில், வியர்வை வழியும் முகத்தோடு மதன்குமார்—

நிறுத்திவிட்டேன். அவனுக்கு வியர்க்காது. நூலின் தரம் பார்க்கும் அறையில் வேலை. அங்கே ஏசி உண்டு. நூலுக்காகப் போட்டது, அவனுக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. எங்கள் அப்பா திண்டுக்கல் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கியவர். நான் எழுதுகிற ஆட்களுக்கெல்லாம் தோளில் காய்ப்பு இருக்கும். இவனை வைத்து என்ன எழுதுவது என்று கதையைக் கிடப்பில் போட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அவனைப் பார்த்தேன். தலை நிறைய எண்ணெய். கையில் தூக்குவாளி. இன்னொரு கையால் "நோட்டட் சார், ஓகே சார்" என்று போனில் தட்டிக்கொண்டிருந்தான். அப்பா கடைசி மூட்டையை இறக்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மீதியை வீட்டில் போய்த் தூக்கு என்று எந்த மண்டிக்காரரும் சொன்னதில்லை. மாப்பிள்ளைக்கு மூட்டை சட்டைப்பையிலேயே வீட்டுக்கு வருகிறது. சரி, இவனும் நம்ம ஆள்தான் என்று மறுபடி எடுத்தேன்.

3

மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கும் இஷாக்தான் எல்லார் போனிலும் ஆபீஸ் மெயிலை ஏற்றினார். மெயிலோடு ஒரு காலண்டரும் வந்து இறங்கியது. செக்‌ஷனுக்கே ஒரு காலண்டர். ஒருவர் எழுதினால் அத்தனை பேர் போனிலும் மணி அடிக்கும். கீழே 'வருகிறேன்', 'வரவில்லை' என்று இரண்டு பொத்தான்.

மதன் மறதிக்காரன். தங்கை யுவராணியின் போனை மகள் ஹரிணி தண்ணீர்க் குடத்தில் போட்டதிலிருந்து வீட்டுக்கு ஒரே போன். அவன் குளிக்கப் போகும்போது, அவன் மறக்கக் கூடாதவற்றையெல்லாம் யுவராணி காலண்டரில் எழுதி வைப்பாள்.

ஹரிணிக்குப் பேன் மருந்து.

இவுகளுக்கு மூல டாக்டர், வெறும் வயித்துல போகணும்.

தாடிக்கொம்புல கிடாவெட்டு, மதியம்.

எல்லாம் ஆபீஸ் காலண்டரில் விழுந்தது. கிடாவெட்டுக்கு ஐந்து பேர் 'வருகிறேன்' என்று அழுத்தினார்கள், வந்தும்விட்டார்கள்.

"யாருப்பா சொன்னா உங்களுக்கு?" என்றான் மதன்.

"நீதானப்பா கூப்ட்ட."

தான் கூப்பிட்டு மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்தவர், "ஒனக்குக் காரம் ஆகாதுல்ல" என்று அவன் இலையிலிருந்த ஈரலை எடுத்துக்கொண்டார். அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை.

[இந்த இடம்வரை யுவராணி படித்தாள். "என்னையக் கிறுக்கி மாதிரி எழுதியிருக்கீகண்ணே. நான் பி.காம்."

"அதையும் போட்டுருறேன்."

"ஆபீஸு எது, வீடு எதுன்னு அதுல எங்க காட்டுது? மூலையில ஒரு பொட்டு. பச்சைன்னா வீடாம், நீலம்னா ஆபீஸாம். எந்த மடையன் வச்சான்? அதையும் போடுங்க."

போட்டுவிட்டேன்.]

4

யுவராணி கடைசியாகக் காலண்டரில் எழுதியது இது:

வியாழன் பத்து மணி. செம்பட்டி மில் இண்டர்வியூ. நீலச் சட்டை. ஆவுடையப்பன்ட்ட காய்ச்சல்னு சொல்லிரணும்.

ஆவுடையப்பன் மதனின் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை மெயில் அனுப்புகிறவர். இவரை முரட்டு மீசையோடு, கரகரத்த குரலில்— எழுத ஆசைதான். ஆனால் நேரில் பார்த்திருக்கிறேன். வழுக்கை, முட்டிவலி, டிபன் பாக்ஸில் தயிர்சோறு. வில்லனாக்க ஒரு மயிர் கூட மிச்சமில்லை.

புதன்கிழமை காலை, மீட்டிங் நடக்கும்போது, நாளைக்கு உள்ளதை நினைவூட்டி எல்லார் போனும் ஒன்றாக மணியடித்தன. எல்லாரும் படித்தார்கள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. ஆவுடையப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். எதையோ அழுத்தினார். மதன் போன் மேசையில் அதிர்ந்தது.

'ஆவுடையப்பன் வருகிறார்.'

மீட்டிங் தொடர்ந்தது. நூல் ஏன் அறுகிறது என்று பேசினார்கள்.

5

அந்த வீட்டுக்கு ஒரே சம்பளம். செம்பட்டி கிடைக்கும் முன்னால் இது போய்விட்டால் அடுப்பெரியாது. ஆகவே முடிவை யோசித்து எழுத வேண்டும்.

என் முடிவு: வியாழன் காலை கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டி மறிக்கிறார். இஷாக் உள்ளேயிருந்தே மதன் போனில் ஏற்றிய மெயிலை அழிக்கிறார். அதோடு சேர்ந்து, ஹரிணிக்கு முதல் பல் விழுந்த போட்டோவும்—

"இதை எழுதுனா இந்த வீட்டுப் பக்கம் வராதீக" என்றாள் யுவராணி.

அவள் முடிவு: ஆவுடையப்பன் மனசு இளகி, சம்பளத்தைக் கூட்டி, இங்கேயே இருப்பா என்று— எனக்குக் கை வரவில்லை. மில்லு எப்படி என்று எனக்குத் தெரியும்.

"என்ன முடிவு வேண்டிக்கெடக்கு மச்சான்" என்றான் மதன். "இன்னிக்குப் புதன்தான."

உண்மைதான்.* வியாழன் இன்னும் வரவில்லை.

* நான் இதை எழுதுவது புதன் சாயங்காலம், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

6

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. காலண்டரில் திருத்தம்.

வியாழன் பத்து மணி. செம்பட்டி மில் இண்டர்வியூ. நீலச் சட்டை நான். நீ வெள்ளை. முதலாளிட்ட ரெண்டு பேருக்கும் காய்ச்சல்னு சொல்லிரணும்.

திருத்தியவர்: ஆவுடையப்பன்.

"கண்ணி வைக்கிறாரு" என்றான் மதன்.

யுவராணி சிரித்தாள். "பாவம்ங்க. அவருக்கும் மேல இருந்து ஞாயித்துக்கெழம மெயில் வரும்ல."

"போன் போட்டுக் கேளு மாப்ள" என்றேன்.

"எடுக்க மாட்டாரு. எதுன்னாலும் மெயில்தான்."

மறுபடி போன். இஷாக். வண்டிச் சத்தத்துக்கு நடுவே கத்தினார். "மதனு, முதலாளி புதுப் போன் வாங்கிருக்காரு. மெயில் ஏத்தணுமாம், ஒட்டன்சத்திரம் வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கேன். எல்லா செக்‌ஷன் காலண்டரும் தனக்குத் தெரியணும்ங்கிறாரு. அந்தப் பக்கம் ஏதும் வேணுமா? முருங்கைக்கா?"

"வேணாம் பாய்" என்றான் மதன்.

காலண்டரில் இருப்பதை நீக்காவிட்டால் முதலாளி படிப்பார். இரண்டு பேருக்கும் வேலை போகும். நீக்கினால், 'மதன்குமார் ரத்து செய்தார்' என்று ஆவுடையப்பனுக்குச் சேதி போகும். கூட வருகிறேன் என்ற மனுஷனைப் பாதி வழியில் இறக்கிவிட்ட மாதிரி ஆகும். அப்புறம் அவருக்குக் காய்ச்சல் வராது; மதனுக்குத்தான் வரும். அது பொய்க் காய்ச்சல் என்று முதலாளியிடம் சொல்ல அவர் மில்லில் இருப்பார்.

யுவராணி போனை என் முன்னால் நீட்டினாள். "நீங்களே அமுக்குங்கண்ணே. கதை எழுதுறவுகதான முடிவு பண்ணணும்."

நான் பேனாவை மூடிவிட்டேன். ஆவுடையப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு உங்களுக்கும் தெரியும்: முட்டிவலி, தயிர்சோறு, நீலச் சட்டை. இந்தாருங்கள் போன். நீக்கினாலும் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று நம்பினால் நீக்குங்கள். நம்பாவிட்டால் அப்படியே விடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். இஷாக் ரெட்டியார்சத்திரம் தாண்டிவிட்டார்.