அறுவடைக்கு வந்த ஆட்கள்

விக்டர் செபம் சொன்னால் கேட்கக் கேட்க இனிக்கும். பொன்மலை ரயில்வே பணிமனை அலுவலகத்தில் அவர் குமாஸ்தா. பக்கத்து மேசைக்காரரிடம் பென்சில் கேட்பதற்கே இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துக்கொள்கிற மனிதர். ஆனால் புதன்கிழமை மாலை கோயில் வராந்தாவில் முழங்காலிட்டுக் கண்ணை மூடிவிட்டால் அவரே வேறு ஆள்.

"ஆண்டவரே, விளைச்சல் முற்றிக் கிடக்கிறது. அறுக்கத்தான் ஆளில்லை. ஆட்களை அனுப்பும். ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பும், சமயபுரத்துக்கு அனுப்பும், ஜீயபுரத்துக்கு அனுப்பும்..."

ரயில்வேக்காரர் அல்லவா, வழியில் ஒரு ஊரையும் விடமாட்டார். முசிறி தாண்டி அவர் தொட்டியம் போய்ச் சேருவதற்குள், செபக் கூட்டத்தில் பாதிப் பேர் முழங்காலை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

வேதத்தை எடுத்துச் சொல்ல ஆட்கள் வேண்டும் என்று இவ்வளவு உருகிக் கேட்டவருக்கு, அந்த ஆட்களில் தானும் ஒருவராக இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் வந்ததே இல்லை. அறியாத முகத்தைக் கண்டால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை பங்குச் சாமியார் பிலோமின்ராஜ், "பஸ்ல நாலு பேருக்குக் கொடுங்க" என்று ஒரு கட்டுச் சிறு புத்தகங்களை அவர் கையில் திணித்தார். விக்டர் அதை மெல்ல இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். "சார், சார், பார்சலை விட்டுட்டீங்க!" என்று கண்டக்டர் துரத்தி வந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கட்டு அன்றிலிருந்து வீட்டு அலமாரிக்கு மேலே இருந்தது.

"எல்லா ஊருக்கும் ஆள் கேட்டாச்சு. நீங்க எந்த ஊருக்குப் போறதா உத்தேசம்?" என்று அவர் மனைவி அக்னஸ் அவ்வப்போது கேட்பாள்.

"நான் போயிட்டா செபக் கூட்டத்தை யாரு நடத்துறது?" என்பார் விக்டர்.

அறுபத்து நாலாம் வருஷம் பொங்கல் கழிந்த சமயம். செபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் தேய்ந்துகொண்டே போனார்கள். கோயில் வாசலில் இருந்த கரும்பலகையில் ஓர் அழைப்பு எழுதிப் போடும்படி சாமியார் சொன்னார். விக்டரின் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். நின்று நிதானமாக எழுதினார்: "அறுவடைக்கு ஆட்கள் தேவை! ஆண், பெண் அனைவரும் வரலாம். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கூடவும்." செபக் கூட்டத்துக்கு என்று கீழே ஒரு வரி சேர்க்கத்தான் நினைத்தார். எழுத்தைப் பெரிது பெரிதாகப் போட்டதில் பலகையில் இடமில்லாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த விக்டர் அப்படியே நின்றுவிட்டார். வேப்பமரத்தடி நிறைய ஆணும் பெண்ணுமாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முகம்கூடத் தெரிந்த முகம் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் கேட்டது வீண்போகவில்லை என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கூட்டத்திலிருந்து தலைப்பாகை கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். "கும்பிடுறேங்க. எம்பேரு சின்னையா. போர்டைப் பார்த்துட்டு வந்தோம். வயல் எந்தப் பக்கமுங்க?"

விக்டருக்கு மெய் சிலிர்த்தது. எவ்வளவு அழகாகக் கேட்கிறார்! "உலகம் முழுக்க வயல்தானே" என்றார் உணர்ச்சி பொங்க.

சின்னையா தலையைச் சொறிந்தார். "அவ்வளவு தாங்காதுங்க. நாங்க இருபத்தஞ்சு பேருதான் இருக்கோம்."

அப்போதுதான் விக்டரின் கண்ணில் அவர்கள் இடுப்பில் செருகியிருந்த கருக்கரிவாள்கள் பட்டன.

விஷயம் இதுதான். அவர்கள் தொட்டியத்துக்கு வடக்கே ஒரு மேட்டாங்காட்டு ஊர்க்காரர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போகிறவர்கள், காலை ரயிலுக்காகப் பொன்மலை ஸ்டேஷனில் காத்திருந்தார்கள். டீ குடிக்க வெளியே வந்த சின்னையா, எழுத்துக் கூட்டிப் பலகையைப் படித்துவிட்டார். இங்கேயே வேலை கிடைக்கும்போது தஞ்சாவூர் வரைக்கும் எதற்கு என்று எல்லோரையும் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். ரயில் போய்விட்டது.

விக்டர் திக்கித் திணறி, அது அந்த அறுவடை இல்லை, இது வேறு அறுவடை என்று விளக்கப் பார்த்தார். "அறுவடையில என்ன சாமி இந்த அறுவடை, அந்த அறுவடை?" என்று கேட்டபடி ஓர் அம்மாள் எழுந்து நின்றாள். அவள் பெயர் அம்மணி. கொஞ்சம் உயரம், நிறையக் குரல். "நெல்லா, கேப்பையா? அதைச் சொல்லுங்க."

சத்தம் கேட்டு வந்த பிலோமின்ராஜ் சாமியார், பலகையைப் படித்தார், அரிவாள்களைப் பார்த்தார், விக்டரின் முகத்தைப் பார்த்தார். அங்கி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டீங்க. அனுப்பிட்டாரு. இனி வயலைக் காட்டுறது உங்க பொறுப்பு. எனக்கு உள்ள ஒரு ஞானஸ்நானம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அக்னஸ்தான் முதலில் காரியத்தில் இறங்கினாள். அக்கம்பக்கத்து வீடுகளில் அரிசி வாங்கி, பெரிய அண்டாவில் கஞ்சி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கறிக்குழம்பும் சட்டியோடு வேப்பமரத்தடிக்குப் போயிற்று. விக்டர் வாசனையை மட்டும் பின்தொடர்ந்து கொஞ்ச தூரம் போனார்.

"அதையுமா?" என்றார் ஈனக் குரலில்.

"உங்களை நம்பி ரயிலை விட்டுட்டு வந்திருக்காங்க. நீங்க போயி ஒரு வயலைப் பாருங்க."

அலுவலகத்தில் எதிர் மேசையில் இருக்கும் மாத்ருபூதம் சொன்னது விக்டருக்கு ஞாபகம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் அவர் தெருவில் ரெங்கநாயகி அம்மாள் என்று ஒருவர். ஜீயபுரத்தில் நிலம். வழக்கமாக வரும் ஆட்கள் எல்லாம் திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலைக் கட்டட வேலைக்குப் போய்விட, கதிர் தலைசாய்ந்து நிற்கிறதாம். விக்டர் சின்னையாவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கூப்பிடாமலே அம்மணியும் ஏறிக்கொண்டாள்.

உத்தர வீதியில் அந்த வீட்டைக் கண்டுபிடித்து, கதவைத் தட்டக் கையைத் தூக்கினார் விக்டர். தூக்கிய கை அப்படியே நின்றது. முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவை அவர் வாழ்நாளில் தட்டியதில்லை. அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அம்மணி தட்டினாள்.

மடிசார் கட்டிய அம்மாள் ஒருவர் கதவைத் திறந்தார். பார்வை நேரே விக்டரின் கழுத்தில் தொங்கிய சிலுவைக்குப் போயிற்று. "போன வாரந்தான் ஒருத்தர் வந்து புஸ்தகம் குடுத்துட்டுப் போனார். எங்காத்துல பெருமாள் இருக்கார், எங்களுக்கு ஒரு குறையும் இல்லே. நீங்க போயிட்டு வாங்கோ" என்றார்.

விக்டருக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. நன்றி என்று சொல்லித் திரும்பியே விட்டார். அம்மணி அவரைப் பிடித்து மறுபடி வாசலைப் பார்க்க நிறுத்தினாள். "கேளுங்கய்யா!"

நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் அவருக்குத் தடங்கலில்லாமல் வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டார். "விளைச்சல் முற்றிக் கிடக்கிறது. அறுக்கத்தான் ஆளில்லை" என்று புதன்கிழமைக் குரலில் கணீரென்று சொன்னார். "ஜீயபுரத்துக்கு ஆட்களை அனுப்பும்!"

கண்ணைத் திறந்தபோது ரெங்கநாயகி அம்மாள் வாசற்படியைத் தாண்டி வெளியே வந்து நின்றார். "கார்த்தால சந்நிதியில நின்னு இதையேதான் கேட்டேன். வார்த்தைக்கு வார்த்தை இதையேதான். உமக்கு யார் சொன்னா?"

"ஆளுங்க இருக்காங்கம்மா, பொன்மலையில" என்றார் சின்னையா.

"என் ரெங்கநாதா!" என்று அந்த அம்மாள் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கை கூப்பினார். "பெருமாள் திருவுள்ளத்தைப் பார்த்தேளா! யார் மூலமா அனுப்பிச்சிருக்கார் பாருங்கோ!"

அனுப்பியவர் வேறு என்று சொல்ல விக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் அம்மணி குறுக்கிட்டாள். "யாரு அனுப்பியிருந்தாலும் சரிம்மா. கதிர் கொட்டுறதுக்கு முன்னாடி வயலைக் காட்டுங்க."

ரெங்கநாயகி அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆட்கள் அறியாத ஆட்கள். கூட்டி வந்தவர் கூடவே இருக்க வேண்டும். ஆகவே மறுநாள் விக்டர் லீவு போட்டுவிட்டு, கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு ஜீயபுரத்து வரப்பில் நின்றார். இரண்டு தடவை சேற்றில் வழுக்கி விழுந்தார். இரண்டு தடவையும் குடையை மட்டும் காப்பாற்றினார்.

மத்தியானம் வாழைத்தோட்டத்து நிழலில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மணி அவரைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கோயிலுக்கு ஒரு குழி நெலம்கூட இல்லைன்னு அக்னஸ் அம்மா சொன்னாங்க. அப்புறம் என்னத்துக்கு ஆள் வேணும்னு எழுதினீங்க? நாங்க ரயிலை விட்டவங்க. எங்களுக்குத் தெரியணும்."

தப்பிக்க வழியில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் இருபத்தைந்து பேர். விக்டர் தொண்டையைக் கனைத்தார். இன்னொரு தடவை கனைத்தார். "ஒருத்தர் இருந்தார்" என்று ஆரம்பித்தார். "ஊர் ஊரா நடந்தார். நோயாளிங்க, ஏழைங்க, யாரும் சீந்தாத ஜனங்க, எல்லாரையும் பார்த்துப் பார்த்து மனசு உருகினார். இவங்களுக்கு நல்ல சேதி சொல்ல ஆள் பத்தலையேன்னு வருத்தப்பட்டார். அதைத்தான் அறுவடைன்னு சொன்னார்."

"பேரு?"

"சேசுநாதர்."

"அவரு என்ன பண்ணினாரு? அதைச் சொல்லுங்க" என்றார் சின்னையா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

விக்டர் சொன்னார். மீனவர்களைப் பற்றிச் சொன்னார். பகலெல்லாம் ஜனங்களோடு இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அவர் படகில் ஏறியதைச் சொன்னார். நடு ஏரியில் புயல் பிடித்தது, அலை படகுக்குள் ஏறியது, அவரோ தூங்கிக்கொண்டிருந்தார்.

"புயல்ல எப்படிங்க தூக்கம் வரும்?" என்றார் சின்னையா.

"பகலெல்லாம் நடந்த மனுசன். களைப்பு இருக்காதா? நீ சும்மா இரு" என்றாள் அம்மணி.

எல்லோரும் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விக்டருக்குத் தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. நாக்கு ஒட்டவில்லை. "கூட இருந்தவங்க பயந்து போயி அவரை எழுப்பினாங்க. ஐயா, முழுகப் போறோம், உங்களுக்குக் கவலையே இல்லையான்னு..."

"வெயில் தாழறதுக்குள்ள மேலப் பாத்தியை முடிச்சுடுங்கோ!" என்று வரப்பின் கோடியிலிருந்து ரெங்கநாயகி அம்மாளின் குரல் வந்தது. அத்தனை பேரும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை விக்டருக்குக் காய்ச்சல். வெயிலில் நின்ற காய்ச்சல்தான் என்றாள் அக்னஸ். அவர் எழுந்து நடமாடுவதற்குள் அறுப்பு முடிந்து, ஆட்கள் நெல்லோடு ஊர் திரும்பிவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை செபம் சொல்ல முழங்காலிட்டார். "ஆட்களை அனுப்பும்" என்றதும் வாழைத்தோட்டத்து முகங்கள் வந்து நின்றன. மேற்கொண்டு ஓர் ஊரையும் அவரால் சொல்ல முடியவில்லை. செபம் அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் கூட்டத்தார் அவருக்கு இன்னும் உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் சின்னையா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் படகு என்னங்க ஆச்சு?"

"எந்தப் படகு?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! ஊரே ரெண்டுபட்டுக் கெடக்குது. பாதிப் பேரு முழுகிடுச்சுங்கறான். அம்மணி முழுகவே இல்லைங்கறா. அவ தங்கச்சி புருசன் முழுகிடுச்சுன்னு சொல்லிட்டான், அவனுக்கு ரெண்டு நாளாச் சோறு கிடையாது. நீங்க வந்து ஒரு முடிவு சொல்லணும்."

"எங்க சாமியாரை அனுப்பி வைக்கிறேனே, அவர் நல்லாச் சொல்வார்."

"சாமியாரு ஆரம்பிக்கலீங்களே. நீங்கதானே ஆரம்பிச்சீங்க."

விக்டர் உதவிக்காக மனைவியைப் பார்த்தார். அக்னஸ் நாற்காலி மேல் ஏறி, அலமாரிக்கு மேலிருந்து துணிப்பையை இறக்கிக்கொண்டிருந்தாள். "எத்தனை மணிக்குப் பஸ்ஸு?" என்று சின்னையாவிடம் கேட்டாள்.

மறுநாள் பூசை முடிந்து விக்டரும் அக்னஸும் தொட்டியம் பஸ்ஸைப் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து கள்ளிக்காடு வழியாக நடந்தார்கள். வழி முழுக்க விக்டர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஊர்க் கிணற்றடியில் கூட்டம் கூடியிருந்தது. ஆனால் யாரும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் அம்மணி நின்றுகொண்டிருந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை போலும்.

அவள் சொன்ன கதையில் ஏரி காவேரியாகிவிட்டது. படகு பரிசலாகிவிட்டது. ஆடி மாதத்து வெள்ளம் சுழித்துக்கொண்டு போயிற்று. பரிசல்காரர்கள் கத்தின கத்தலில் முசிறிக்காரர்களும் குளித்தலைக்காரர்களும் இரண்டு கரையிலும் கூடிவிட்டார்கள். வைக்கோலைத் தலைக்கு வைத்துத் தூங்கிய சேசுநாதர் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"எந்திரிச்சு நின்னாரு" என்றாள் அம்மணி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "காத்தைப் பார்த்தாரு. ஏய், என்ன ஆட்டம் ஆடுறே? சும்மா கெட! அப்படின்னாரு. அவ்வளவுதான். அடிச்ச காத்து அப்படியே நாய்க்குட்டி கணக்கா அவரு காலடியில படுத்துக்கிச்சு."

கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது. அப்போதுதான் சின்னையா விக்டரைக் காட்டினார். "இதோ வந்துட்டாரு! இவ சொல்றது நெசந்தானுங்களா?"

ஊரே திரும்பியது. விக்டர் வாயைத் திறந்தார். பரிசல் இல்லை, படகு. காவேரி இல்லை, கலிலேயா. முசிறியும் இல்லை, குளித்தலையும் இல்லை. திருத்துவதற்கு எத்தனையோ இருந்தது. அவர் அம்மணியைப் பார்த்தார்.

"உங்களுக்கு முடிவை யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"யாரு சொல்லணும்? அவ்வளவு நல்ல மனுசன், கூட வந்தவங்களை முழுக விடுவாரா?"

திருத்த நினைத்ததையெல்லாம் விக்டர் விட்டுவிட்டார். "நெசந்தான்" என்றார். "அதுதான் நடந்தது."

முழுகிவிட்டது என்ற கட்சி தலையைக் குனிந்துகொண்டது. அம்மணி வெற்றிக் களிப்போடு முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அக்கரைக்குப் போயி என்ன பண்ணினாரு? நீங்க சொல்லுங்க."

பொழுது சாயும்வரை விக்டர் சொன்னார். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க அக்னஸ் அவர் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் மறுபடி போனபோது கிணற்றடியில் பாதி ஊர்தான் இருந்தது. மிச்சப் பேர் எங்கே என்று கேட்டார். அம்மணி அவர்களையும் கூட்டிக்கொண்டு தன் அக்காள் ஊருக்குப் போய்விட்டாளாம். அங்கே கதையைப் பாதிவரை சொல்லியிருக்கிறாளாம். மிச்சத்தைச் சொல்லப் பொன்மலையிலிருந்து ஒருவர் வருவார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளாம்.

"அந்த ஊரு எவ்வளவு தூரம்?" என்றார் விக்டர்.

"பக்கந்தாங்க. இந்தக் கரட்டைத் தாண்டினா வந்துரும்" என்றார் சின்னையா.

அக்னஸ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். விக்டர் குடையை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்தார். மூன்று பேரும் கரட்டுக் குன்றை நோக்கி நடந்தார்கள்.