சமையல்காரிக்கு வீடு

கூட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. சுப்ரியாவால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் என்ற ஊருக்கு அப்பால் எழப்போகும் புதிய நகரத்தை வரைந்தவள் அவள். அங்கே எல்லோரும் நடந்தே போவார்கள், வண்டிப் புகை பாதியாகக் குறையும் என்று அறிக்கையில் எழுதியிருந்தாள்.

இரண்டு மாதமாக மனத்துக்குள் அந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தாள். இன்று காலை கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கையில், அந்தப் புதிய நகரத்தில் சமையல்வேலை முடித்துத் திரும்பும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து, அவளோடு நடந்து பார்த்தாள். பூங்கா, பள்ளி, ஏரி எல்லாம் கடந்தும் அந்தப் பெண்ணின் வீடு வரவில்லை. வரைபடம் முடிந்துவிட்டது.

"நாலாயிரம் வேலைக்காரங்க தினம் வெளியிலேர்ந்து பஸ்ஸிலும் பைக்கிலும் வரணும். அவங்களை நாம எண்ணவே இல்லை," என்றாள், உடன் வேலைசெய்யும் சுமந்திடம்.

"குடியிருக்கிறவங்களை எண்ணினாப் போதும்னு அறிக்கை ஃபார்மிலேயே இருக்கு, அல்லே? வெறுதே, சும்மா குழப்பாதே."

"அப்போ அவங்க வண்டிப் புகை?"

"அது கழக்கூட்டத்துக் கணக்கிலே போற புகை," என்று சிரித்தான்.

அவள் நாலாயிரம் பேரையும் கணக்கில் சேர்த்தாள். புகை பழைய நகரத்தின் அளவுக்கே ஏறியது. ஏரிக்கரையில் இருந்த வில்லாக்களை அழித்துவிட்டு, அங்கே அந்த வேலைக்காரர்களுக்குச் சிறிய வாடகை வீடுகளை வரைந்தாள். புகையின் அளவு மெல்ல இறங்கியது.

"எடீ, நம்ம மேலதிகாரி சாருக்கு இஷ்டமான வில்லாவாக்கும் அது! உன் ஜோலி போகும், கேட்டோ," என்றான் சுமந்த்.

கூட்ட அறைக்கு அழைப்பு வந்தது. சுப்ரியா அந்த வாடகை வீடுகளையே முதல் படமாகத் திரையில் போட்டாள்.