குகையைத் தட்டிப் பார்த்தவர்

மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியுமாக ஷைனி குகை வாசலில் நின்றாள். அவள் கணவர் சகாய ஆனந்த் உள்ளே வர மறுத்துவிட்டார்.

வரதராசன்பேட்டையிலிருந்து தூத்துக்குடிப் பக்கம்வரை பஸ். இறங்கியதும் கடலோரப் பாதையில் மூன்று கிலோமீட்டர் நடை. மணலில் புதைந்து புதைந்து அவருடைய இடது முழங்கால் கெஞ்சியது. மூன்று வருடத்துக்கு முன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறை சரிந்து நசுக்கிய கால். அவர் பிழைத்தால், பாய்மரக் காலத்து மாலுமிகள் ஜெபித்ததாகச் சொல்லும் இந்தக் குகையில் அவர் கையாலேயே மெழுகுவர்த்தி ஏற்றவைப்பதாக ஷைனி நேர்ந்திருந்தாள்.

வாசலில் அவர் செய்தது பழக்கதோஷம். ஓர் உருண்டைக் கல்லை எடுத்து மேற்பாறையைத் தட்டினார். சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் தினமும் இப்படித்தான் கடப்பாரையால் தட்டுவார்கள். பாறை கெட்டியாக நின்றால் ‘ணங்’ என்று கேட்கும். பின்னால் விரிசல் விட்டிருந்தால் ‘பொத்’தென்று கேட்கும், அதன் கீழே யாரும் போகக் கூடாது.

‘பொத்’தென்றது.

“இது வுழும் ஷைனி. வா, போயிடலாம்.”

“இத்தன வருசமா வுழாதது உங்களுக்காகவா காத்துக்கிட்டிருக்கு?”

“சுரங்கத்துல பாறை சரிஞ்ச அன்னிக்கும் ஒருத்தன் இப்படித்தான் சொன்னான்.”

அவள் கண் கலங்கியது. “உங்க கையால ஏத்தறதாத்தானங்க நேந்துக்கிட்டேன். நான் மட்டும் போயி என்ன பண்ண?”

அவர் கரையில் கிடந்த பெரும்பாறைமேல் உட்கார்ந்தார். கையில் இருந்த கல்லால் சலிப்போடு அதையும் தட்டினார். ‘பொத்.’ நகர்ந்து தட்டினார். ‘பொத்.’ யானை படுத்த மாதிரி கிடந்த பாறை. எங்கும் விரிசல் இல்லை. விரலால் தேய்த்தால் மணல் உதிர்ந்தது.

புரிந்துவிட்டது. ஊர்ச் சுண்ணாம்புக்கல் இறுகியது, ஒலிக்கும். இதுவோ மணல் ஒட்டி உருவான கல். மணலுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் ஓசையைக் குடித்துவிடும். அவ்வளவு இளகிய கல் என்பதால்தான் அலை இதைக் குடைந்து குகையாக்கியிருக்கிறது. நல்ல பாறையும் இங்கே ‘பொத்’தென்றுதான் சொல்லும்.

கெட்ட பாறையும் அப்படியேதான் சொல்லும். இருபது வருடம் பழகிய காது இங்கே உதவாது. போகாதே என்று சொல்லவும் இனி அவரிடம் காரணமில்லை.

“என்னங்க?”

“எனக்குத் தெரியல,” என்றார். “குடு. ஏத்திட்டு ஒடனே வந்துடுவோம்.”

உள்ளே காற்று இரண்டு தீக்குச்சிகளை அணைத்தது. மூன்றாவதற்கு ஷைனி இரு கைகளாலும் மறைப்புக் கட்டினாள். திரி பற்றும்வரை அவர் கண் மேற்பாறையை விட்டு இறங்கவேயில்லை. மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டவர், எழ முடியாமல் அப்படியே இருந்தார்.

“முட்டி மாட்டிக்கிச்சு. தூக்கி வுடு.”

“இதயும் சேத்து நேந்திருக்கணும்,” என்று முனகியபடி அவள் அவர் கக்கத்தில் கை கொடுத்தாள்.