மாமன் படம் கட்டிய கார்

நல்ல நேரம் முடிகிற பத்தரைக்குள் குழந்தை இலக்கியாவுக்குக் காது குத்தியாக வேண்டும். தாய்மாமன் சந்தனம் மடியில் உட்காரவைத்தால்தான் குத்துகிறவர் ஊசியையே எடுப்பார். அந்தத் தாய்மாமனோ திருவரங்குளம் கோயிலுக்குப் போகும் சாலையில், ஓரங்கட்டிய காருக்குப் பக்கத்தில் பட்டுவேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். மணி ஒன்பது ஐம்பது. காரின் முகப்பில் அவர் படம் போட்ட பிளெக்ஸ் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது: ‘தாய்மாமன் வாராரு!’

எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் சிவப்பைத் தொட்டதுமே, ஓட்டிவந்த அவர் மனைவி உண்ணாமலை வண்டியை நிறுத்திவிட்டாள்.

“கொழாத் தண்ணியே போதும்னு அப்பவே சொன்னேன். பச்சத் தண்ணிய வாங்கி ஊத்துனியே, இப்பப் பாரு!”

சந்தனம் பச்சத் தண்ணி என்றது, எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் பச்சை நிறக் கூலன்ட்டை; போன மாதம் அதை வாங்கி மாற்றியது அவள்தான். காதுகுத்து தள்ளிப்போனால் இந்தப் பேச்சை அவள் ஆயுசுக்கும் கேட்க வேண்டுமே.

பானட்டைத் திறந்ததும் சந்தனம் ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போனார்.

“கைய எடுங்க! கொதிதண்ணி பீச்சியடிச்சா, இலக்கியா காதோட உங்க மூஞ்சிக்கும் வைத்தியம் பாக்கணும்.”

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டப்பாவில் கூலன்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக நின்றது. குழாய்களில் ஈரமில்லை. அடியில் ஒரு சொட்டுமில்லை. எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் ஏன் சுடுகிறது?

போன் அடித்தது. இலக்கியாவின் அம்மா, நாத்தனார் பிச்சையம்மாள். “அண்ணே, எங்கிட்டு இருக்க?”

“இந்தா, வந்துக்கிட்டே இருக்கோம் தாயி,” என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னார் சந்தனம்.

உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்தது. தலையைத் திருப்பியவள் பிளெக்ஸைப் பார்த்தாள். படத்தில் இருந்த சந்தனத்துக்குக் கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. காலையில் கொழுகொழுவென்று இருந்த கன்னம்! விசிறி காற்றுக்காக இழுத்த இழுப்பில் பிளெக்ஸ், காற்று நுழையும் முன்பக்கக் கிரில்லோடு ஒட்டிக்கிடந்தது. முள் ஏன் ஏறியது என்று புரிந்துவிட்டது.

“ஏங்க, பச்சத் தண்ணி ஒண்ணும் பண்ணல. உங்க மூஞ்சிதான் காத்த மறைக்குது.”

“என் மூஞ்சியா?”

“நீங்களே இறுக்கிக் கட்டுன மூஞ்சி.”

கயிற்றை அவிழ்த்தாள். விசிறி நன்றாக மூச்சு வாங்கியது. இருவரும் சாலையோரக் கடையில் நின்று இளநீர் குடித்து முடிப்பதற்குள் முள் நடுவுக்கு இறங்கிவிட்டது. மடித்து வைக்க மனமில்லாமல் சந்தனம் பிளெக்ஸைப் பின்கதவில் கட்டினார்.

பத்து இருபதுக்குக் கோயில் வாசலில் போய் நின்றார்கள். ஓடிவந்த பிச்சையம்மாள் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“ஏண்ணே, வாராருன்னு பின்னாடி போட்டிருக்க. நீ வாரியா, போறியா?”

“ஒன் அண்ணிகிட்டக் கேளு,” என்று இலக்கியாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை வீறிட்டது. கூட்டத்தில் உண்ணாமலைதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் குலவை போட்டாள்.